பாங்குக்குக் கழட்டுற கம்பி

காக்கா. என்ட காக்கா.

உயிரோட இரிக்கக்குள்ள நீங்க எண்டுதான் உங்களோட கதச்சன். இப்ப நெஞ்சு எரியக்குள்ள நீ எண்டுதான் வருது. நான் உன்ட தங்கச்சி, எட்டாமாண்டோட பள்ளிக்கூடத்தால நிண்டவள், எனக்கு இப்பிடித்தான் எழுத வரும். நீ கோவிக்க மாட்டாய்.

போன மாசம் கல்முனப் பக்கமிரிந்து மூணு பேர் நம்மட ஊருக்கு வந்தாங்க. பறக்கிற கேமராவும் கொண்டு வந்து குளக்கட்டில நிண்டு வீடியோ எடுத்தாங்க. "ஒருத்தருக்கும் தெரியாத அழகான கிராமம்" எண்டு பேர் வச்சு ஃபேஸ்புக்கில விட்டிரிக்காங்க. பக்கத்து வீட்டுப் புள்ள போனக் கொண்டு வந்து காட்டினா. மேல நிண்டு பாத்தா எல்லாம் பச்சதானே. குளம், வாய்க்கால், வயல், கொக்கு. பாட்டும் போட்டிரிந்தாங்க. கொஞ்ச நேரத்தில உன்ட வயல் வந்திச்சு. நீ விழுந்து கிடந்த வரம்பு வந்திச்சு. அதில ஒரு கொக்கு ஒத்தக் கால்ல நிண்டிச்சு. கீழ ஆக்கள் "மாஷா அல்லாஹ், சொர்க்கம் மாதிரி இரிக்கி" எண்டு எழுதியிரிக்காங்க.

எனக்கு வந்த கோவத்துக்கு அந்தப் போன அடுப்புக்குள்ள போட்டிரிப்பன். அந்தப் புள்ளேட போன், அதால விட்டன்.

சரி. ஊரப் பத்தித் தெரிய ஆசையெண்டா நான் சொல்றன், கேளுங்க.

எங்கட ஊர் இறக்காமம் எண்ட ஊருக்கும் உள்ளுக்கு. பஸ் வராது. பெரிய ரோட்டில இறங்கி ஆட்டோ புடிக்கணும், மழ பேஞ்சா ஆட்டோக்காரனும் வரமாட்டான். ஒரு பள்ளிவாசல், ஒரு பள்ளிக்கூடம், ரெண்டு மூணு கட, ஒரு நெல்லு மில்லு. மத்ததெல்லாம் வயல். அதிலயும் பாதி ஊராக்கள்ட இல்ல, கடக்கரைப் பக்கத்து நிலக்காரப் போடிமார்ர. அவங்க விதைப்புக்கு ஒருக்கா வருவாங்க, வெட்டுக்கு ஒருக்கா வருவாங்க, வரம்பில நிண்டு "காத்து நல்லாரிக்கி" எண்டு சொல்லிட்டுப் போவாங்க. வயல்ல நிக்கிற நெல்லுக்கு நாங்க வேளாம எண்டுதான் சொல்ற. ரோட்டில ரெண்டு பேர் கண்டா, ஸலாத்துக்குப் பொறகு வாற முதல் கேள்வி "வேளாம எப்பிடி?" ஆள் எப்பிடி எண்டு கேக்கிற அதுக்குப் பொறகு. சில நேரம் கேக்கிறதே இல்ல.

வேளாம பால் புடிக்கிற நேரம் காட்டால ரெண்டு சாமான் வரும். யானையும் காட்டுப் பண்டியும். யான வந்தா ஊரே எழும்பி வெடி போடும், சத்தம் போடும். பண்டி வந்தா ஒருத்தருக்கும் தெரியா. விடிஞ்சு போய்ப் பாத்தா தின்டத விட உழக்கினதுதான் கூட இரிக்கும். நீ சொல்லுவாய் காக்கா, "நம்ம அதத் தொடமாட்டம் எண்டு அதுக்கு நல்லாத் தெரியும். அதான் வேற ஊருக்குப் போகாம நம்மட ஊருக்கு வருது." உம்மா வாயப் பொத்திக் கொண்டு சிரிப்பா.

அந்தப் பண்டிக்குத்தான் கம்பி. வீட்டு லைனால, இல்லாட்டி ரோட்டு லைனால கொக்கி போட்டுக் கரண்டு எடுத்து, வயலச் சுத்தி முழங்கால் உயரத்துக்குக் கம்பி இழுக்கிற. சட்டத்துக்கு மாறு எண்டு ஊர்ல எல்லாருக்கும் தெரியும். தெரிஞ்சுதான் போடுற.

ரெண்டு மாடு கம்பியில பட்டுச் செத்த வருசம் நீதான் வீடு வீடா ஏறினாய். "போடாதீங்க எண்டு சொன்னா நீங்க கேக்கப் போறல்ல. விடிய சுபஹுக்குப் பாங்கு சொன்ன உடன கழட்டுங்க, அதுக்குப் பொறகு ஆக்கள் வயலுக்கு வாற" எண்டு சொன்னாய். பள்ளியிலயும் கதச்சு முடிவாகிட்டு. அண்டைக்கிரிந்து அது ஊருக்கு ஒரு சட்டம். பாங்கு சொன்னா கம்பி செத்திரும். தொழுதிட்டு மண்வெட்டியத் தோளில வச்சிக் கொண்டு எந்த வயலுக்குள்ளயும் பயமில்லாம இறங்கலாம். சின்னப் புள்ளைக்கும் இது தெரியும்.

நீ மட்டும் கம்பி போடல்ல. பழைய டின்னும் போத்தலும் கட்டி, காத்தடிச்சா கலகலண்டு சத்தம் வரச் செஞ்சிரிந்தாய். நம்மட வயலுக்கும் சாச்சாட வயலுக்கும் நடுவில ஒரே வரம்புதானே. சாச்சா எண்டா நம்மட வாப்பாட தம்பி. வாப்பா மௌத்தான பொறகு நமக்கு வாப்பா மாதிரி எண்டு ஊர் சொல்ற மனிசன். அவர் அந்த வரம்பில நிண்டு நக்கலடிப்பார்.

"டேய், உன்ட டின்னுச் சத்தத்துக்குப் பண்டி ஓடாதுடா. கலியாண ஊடெண்டு நினச்சு குடும்பத்தோட வரும்."

"வரட்டும் சாச்சா. வந்தா நம்மட ஊட்டுக் கலியாணம் முடியல்ல, உங்கட வயல்ல சோறு இரிக்கி எண்டு அனுப்புறன்."

நம்மட ஊட்டுக் கலியாணம் எண்டு நீ சொன்னது என்ட கலியாணத்த. எங்கட பக்கம் பொம்புளப் புள்ளைக்குத்தான் ஊடு. ஊடு இல்லாட்டி மாப்புள இல்ல. தங்கச்சிய ஊட்டோட குடுக்காம காக்காமார் கலியாணம் முடிக்கிறதும் இல்ல. நீ ஒவ்வொரு போகமும் ரெண்டு வரி கல்லு வச்சு எனக்கு ஊடு கட்டினாய். சுவர் எழும்பிட்டு, பூசல்ல. கதவு நிலை போட்டாச்சு, கதவு இல்ல. "உனக்குக் கதவு போட்டிட்டுத்தான் நான் மாப்புளயாகுவன்" எண்டு சொல்லிக் கொண்டே இரிந்தாய்.

அண்டைக்கு நம்மட தண்ணி முறை. தண்ணி பங்கு வக்கிற வட்டவிதானை முந்தின நாளே சொல்லி அனுப்பிட்டார், சுபஹோட உங்கட வயலுக்குத் தண்ணி வாற வக்கடயத் தொறந்திருங்க எண்டு. வெள்ளாப்பில கரண்டு போயிட்டு. பள்ளி ஸ்பீக்கர் வேல செய்யல்ல. மோதினார் பள்ளி வாசல்ல நிண்டு வாயாலதான் பாங்கு சொன்னார். நீயும் போனாய், சாச்சாவும் வந்தார். ரெண்டு பேரும் ஒரே வரிசையில நிண்டு தொழுதிரிக்கீங்க.

சாச்சா கம்பியக் கழட்டல்ல. ஏனெண்டா கரண்டுதான் இல்லயே. இல்லாத கரண்ட எதுக்குக் கழட்டுற?

நீ வந்து பிளேன்டீ குடிச்சிட்டு, "ரொட்டி சுட்டு வை தங்கச்சி, தண்ணியத் திருப்பிட்டு வந்து தின்றன். சம்பலுக்குக் கொச்சிக்கா கூடப் போடு" எண்டு சொல்லிட்டுப் போனாய். அவ்வளவுதான் நீ சொன்னது. நான் குசினியில மா குழச்சிக் கொண்டு இரிந்தன். குசினி லைட் படக்கெண்டு பத்திச்சு.

"அல்ஹம்துலில்லாஹ், கரண்டு வந்திட்டும்மா" எண்டு சொன்னன்.

அந்த நேரம்தான் காக்கா. அந்த வரம்பக் கடக்க நீ காலத் தூக்கி, விழப் போய், கம்பியப் புடிச்சது அந்த நேரம்தான். நான் அல்லாஹ்வப் புகழ்ந்து கொண்டு ரொட்டி தட்டினன். நாலு ரொட்டி தட்டி முடியக்குள்ள உன்னத் தூக்கிக் கொண்டு வந்தாங்க. உன்ட கையில ஒரு கறுத்த கோடு இரிந்திச்சு. அத நான் கண்டன். உம்மா கண்டா. சாச்சா கண்டார். பொறகு ஆரோ ஒரு சீலயக் கொண்டு வந்து அந்தக் கைய மூடிட்டாங்க.

பள்ளி ஆக்கள் ரெண்டு பேர் உம்மாவக் குசினிப் பக்கம் கூப்பிட்டுக் கதச்சாங்க. நானும் நிண்டன்.

"கரண்டு எண்டு சொன்னா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போய் வெட்டிருவாங்க. மையித்து கைக்கு வாறது நாளைக்கோ நாளண்டைக்கோ தெரியா. நெஞ்சடைப்பு எண்டு சொன்னா லுஹர் தொழுகையோட அடக்கலாம்."

"என்ட புள்ளய வெட்ட வேணாம்" எண்டு உம்மா அழுதா. வேற ஒண்டும் அவவுக்குக் காதில ஏறல்ல. வெட்டுற எண்ட சொல்லு ஒண்டு போதும் எங்கட சனத்துக்கு, எந்த உண்மையையும் மண்ணுக்குள்ள போட்டிருவாங்க.

மரண விசாரணைக்கு ஒருத்தர் வந்தார். என்ன நடந்த எண்டு கேட்டார். உம்மா அழுது கொண்டே இரிந்தா. எல்லாரும் என்னப் பாத்தாங்க. சாச்சாவும் பாத்தார், கண் ரெண்டும் செவந்து போய்.

"ராவும் நெஞ்சு நோவுது எண்டு சொன்ன, சேர்" எண்டு சொன்னன்.

நான்தான் சொன்னன். வேற ஒருத்தரும் இல்ல. அவர் எழுதினார். சீலயத் தூக்கிப் பாக்கல்ல.

கரண்டு வந்திட்டுத்தானே, ஜனாஸாத் தொழுகைக்குப் பள்ளி ஸ்பீக்கர் நல்லா வேல செஞ்சிச்சு. பொம்புளையள் நாங்க ஊட்டில இரிந்து கேட்டம். "இந்தப் புள்ள உங்களுக்கு ஏதும் மனநோவு தந்திரிந்தா அல்லாஹ்வுக்காக மன்னிச்சிருங்க" எண்டு கேட்டாங்க. "மன்னிச்சிட்டம்" எண்டு எல்லாரும் சொன்னாங்க. அவ்வளவு குரலுக்குள்ளயும் சாச்சாட குரல் எனக்குத் தனியாக் கேட்டிச்சு.

உன்ன அவர் மன்னிச்சிட்டாராம் காக்கா! உன்னட்ட ஆரும் கேக்கல்ல. செத்தவன்ட பக்கத்தால நிண்டு "நீ எங்கள மன்னிப்பியா" எண்டு ஒருத்தனும் கேக்கல்ல.

பொறகு ஊட்டுக்கு வந்த பொம்புளையள் எல்லாருக்கும் ஒரே கத. "அல்லாஹ்ட நாட்டம் கா. நம்ம என்ன செய்யிற."

"கொக்கிய மாட்டினது அல்லாஹ் இல்ல, சாச்சாதான்" எண்டு நான் சொன்னன்.

"வாய அடக்கு புள்ள. குமர் புள்ள பொலிசு கோட்டு எண்டு ஏறி இறங்கினா ஆரு கா உன்னக் கட்டுவான்?"

அல்லாஹ் நாடாம ஒண்டும் நடக்காது எண்டு எனக்கும் தெரியும். ஓதிக் குடுத்துத்தான் என்னயும் வளத்த. ஆனா இந்த ஊர்ல நாட்டம் எண்ட சொல்லு செத்தவன மூடுறதுக்கு இல்ல. கொன்டவன மூடுறதுக்கு.

சாச்சா ஒரு நாள் லேண்ட்மாஸ்டர் டிரக்டர்ல சீமெந்து கொண்டு வந்து இறக்கிட்டுப் போனார். என்ட ஊட்டுக்கு மீதிய அவர் பூசித் தருவாராம். நான் அந்தப் பேக்குகள உள்ளுக்கு எடுக்கல்ல. மழையில நனஞ்சு கல்லாப் போய் வாசல்ல கிடக்கு. பேக்கோட கல்லு. வேணுமெண்டா அவர் தலயில போட்டுக் கொள்ளலாம்.

இப்ப வேளாம மறுகாவும் பால் புடிச்சிரிக்கி. போன கிழம பகல்ல நான் வயலுக்குப் போனன், தண்ணி வருதா எண்டு பாக்க. சாச்சாட வயலச் சுத்திப் புதுக் கம்பி. அதே கட்டைகள். அவர் வரம்பில புல்லுச் செதுக்கிக் கொண்டு நிண்டார்.

"இது என்ன சாச்சா?"

"பண்டி மகள். அந்தப் பக்கம் போய்ப் பாருங்க, எல்லாத்தையும் உழக்கி வச்சிரிக்கி."

"இதிலதானே என்ட காக்கா கிடந்த."

"இப்ப சுவிச்சு வச்சிரிக்கன். கரண்டு இரிந்தாலும் இல்லாட்டியும் பாங்குக்கு நிப்பாட்டுவன். சத்தியமா மகள்."

"நான் பொலிசில சொல்லுவன்."

அவர் கத்துவார் எண்டு நினச்சன். கத்தல்ல. மண்வெட்டிய ஊண்டிக் கொண்டு என்னப் பாத்தார். அவருக்கும் வயசு போயிட்டு.

"என்னெண்டு சொல்லுவீங்க? நெஞ்சடைப்பு எண்டு நீங்கதானே மகள் சொன்ன."

கிறுகி நடந்து வந்திட்டன். உன்ட டின்னுகள் காத்துக்குக் கலகலண்டிச்சு. அந்தச் சத்தம் ஊடு வரைக்கும் எனக்குப் பின்னால வந்திச்சு.

ஓம், நான்தான் சொன்னன். அது பொய். என்ட காக்காக்கு நெஞ்சில ஒரு வருத்தமும் இருக்கல்ல. கம்பியில பட்டுத்தான் மௌத்தான. இத நான் இப்ப எழுதுறன், பேனையால அழுத்தி எழுதுறன். அந்த விசாரணைக்கு வந்தவர்ட்டயும் போய்ச் சொல்லத்தான் போறன். வெட்டுறதெண்டா இனி என்னத்த வெட்டுற? உம்மா என்னோட ரெண்டு நாளாக் கதக்கல்ல. கதக்காட்டிப் பரவால்ல.

நேத்து வெள்ளாப்பில கரண்டு போயிட்டு. நான் முக்காட்டப் போட்டுக் கொண்டு ரோட்டுக்கு இறங்கினன். சாச்சாட வாசல்ல, அதுக்கங்கால ஊட்டு வாசல்ல, கம்பி போட்ட ஒவ்வொருத்தர்ட வாசல்லயும் நிண்டு கத்தினன். "கம்பியக் கழட்டுங்க! கரண்டு வரும், கழட்டுங்க!" ஒருத்தன் யன்னலத் தொறந்து "பைத்தியம் புடிச்சிட்டு இவளுக்கு" எண்டான். அவன்ட பொண்டாட்டி மெதுவா எழும்பிப் போய்க் கழட்டினா. நான் கண்டன். சாச்சா வெளிய வந்து, டோச்சு லைட்ட எடுத்துக் கொண்டு வயல் பக்கம் போனார்.

நாளைக்கும் கரண்டு போனா நாளைக்கும் கத்துவன். குமர் புள்ள, ஆரும் கட்டமாட்டான். கட்டாட்டிப் போகட்டும். கதவில்லாத ஊட்டில இரிந்து கொண்டு கத்துவன்.

இத வாசிக்கிற ஒவ்வொருத்தரும் என்ட காக்காக்காகக் கை ஏந்துங்க. அந்த வீடியோவப் பாத்து சொர்க்கம் எண்டு எழுதினவங்களும் ஏந்துங்க. மெய்யான சொர்க்கத்த அவருக்குக் குடுக்கச் சொல்லிக் கேளுங்க. நான் சொன்ன பொய்ய மன்னிக்கச் சொல்லியும் கேளுங்க. எங்கட ஊராக்களே, நீங்களும் கேளுங்க. சாச்சா, நீங்களும் கேளுங்க. ஆனா கைய ஏந்த முந்தி ஒருக்காப் போய்க் கம்பியக் கழட்டிட்டு வாங்க.