ஓரின் லெவிட் மாற்றிய துப்பாக்கிகள்

ஓரின் லெவிட் எங்கள் ஊர்ச் சாலைத் துறையில் வண்டி ஓட்டுபவன். குளிர்காலத்தில் மலைச் சாலைகளில் பனியைத் தள்ளுவான். கோடையில் அதே சாலைகளில் சரளையை நிரவுவான். நாளெல்லாம் தனியாக அந்தப் பெரிய வண்டிக்குள் உட்கார்ந்திருப்பதாலோ என்னவோ, கீழே இறங்கினாலும் அதிகம் பேசமாட்டான். அவன் மனைவி ட்வைலா பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்கிறாள். இரண்டு பேர் பேச வேண்டியதையும் சேர்த்து அவளே பேசிவிடுவாள்.

என் பெயர் கஸ். எனக்கு சால்மன் ஆற்றங்கரையில் இரும்புச் சாமான் கடை. முன்பக்கம் ஆணி, குழாய், பெயின்ட். பின்பக்கம் ஒரு நீள மேசையும் அதற்குப் பின்னால் துப்பாக்கிகளும். செப்டம்பரில் வேட்டைக் காலம் வந்தால் முன்பக்கம் ஈ ஓட்டுவேன். பின்பக்கம் நிற்க இடம் இருக்காது. மானுக்கு எந்தத் துப்பாக்கியும் போதும், அதில் யாருக்கும் சண்டை இல்லை. எல்க் என்கிற பெரிய மான் சாதி அப்படியில்லை. குதிரை அளவுக்கு உடம்பு, கட்டையான தோள் எலும்பு, குண்டு பட்ட பிறகும் ஒரு மலையைத் தாண்டிப் போகிற பிடிவாதம். துப்பாக்கிக்குக் குண்டின் அளவுதான் பெயர், எண் கூடினால் குண்டு பெரிது; எல்க்குக்கு 270 போதும் என்று ஒரு கட்சி. 300 மேக்னத்துக்குக் கீழே எதை எடுத்துப் போனாலும் பாவம் என்று இன்னொரு கட்சி. இந்த விவாதத்தில் முகம் கொடுத்துப் பேசாமல் போன அண்ணன் தம்பிகளை எனக்குத் தெரியும்.

ஓரின் அந்தச் சண்டைக்கு வந்ததே இல்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் என்னிடம் ஒரு 270 வாங்கினான். வருஷா வருஷம் அதே துப்பாக்கி, அதே தோட்டா. மான் தவறாது, சில வருஷம் எல்க்கும் கிடைக்கும். துப்பாக்கியைப் பற்றி அவன் யோசித்ததாகவே தெரியவில்லை.

அப்புறம் அந்தக் கிடா வந்தது.

அக்டோபர் கடைசி. சாயங்காலம். ஓரின் ஒரு பள்ளத்தாக்கின் இந்தப் பக்கச் சரிவில் தனியாக உட்கார்ந்திருந்தான். எதிர்ச் சரிவில் ஃபிர் மரங்களின் ஓரமாக ஒரு பெரிய எல்க் கிடா வெளியே வந்து நின்றது. அவ்வளவு தூரத்தில் அவன் அதுவரை சுட்டதில்லை. வெளிச்சமும் போய்க்கொண்டிருந்தது. முதுகுப் பையைக் கீழே போட்டு, அதன் மேல் துப்பாக்கியை வைத்துப் படுத்துச் சுட்டான். குண்டு உடம்பில் பட்ட சத்தம், ஈரத் துணியை அடித்தது போல, பள்ளத்தாக்கைத் தாண்டித் திரும்பி வந்தது. கிடாவின் முதுகு கூனியது. ஓடவில்லை. நடந்தே மரங்களுக்குள் போய்விட்டது.

இவன் இறங்கி, ஓடையைத் தாண்டி, எதிர்ச் சரிவில் ஏறுவதற்குள் மரங்களுக்குள் இருட்டிவிட்டது. கைவிளக்கில் இரத்தம் தெரிந்தது. அதில் சின்னச் சின்னக் குமிழிகள். நுரையீரலில் பட்டிருக்கிறது என்று அர்த்தம். அப்போதுதான் அந்த மூச்சுச் சத்தம் கேட்டது. கொஞ்ச தூரத்தில், இருட்டுக்குள்ளிருந்து, தண்ணீருக்குள் இழுப்பது போல ஒரு மூச்சு. அடிபட்ட மிருகத்தை விரட்டக்கூடாது, படுக்க விட வேண்டும். ஓரின் அப்படியே நின்றான். மூச்சு கேட்டது. கிளை ஒடிந்தது. இன்னும் தள்ளிப் போய் மறுபடி கேட்டது. பிறகு பனி கொட்ட ஆரம்பித்தது.

விடிந்தபோது எல்லாம் வெள்ளை. லீவு தீரும்வரை தேடினான். ட்வைலாவும் கூடப் போய்த் தேடினாள். செத்த மிருகம் எங்கே கிடந்தாலும் காக்கைகள் காட்டிக்கொடுத்துவிடும். காக்கைகள்கூட வரவில்லை.

அடுத்த வாரம் ஓரின் கடைக்கு வந்து 270ஐ மேசைமேல் வைத்தான்.

“இது பத்தல கஸ்.”

இந்தப் பள்ளத்தாக்கில் 270க்கு விழுந்த எல்க்குகளை அடுக்கினால் ரோடே மறைந்துவிடும் என்று சொன்னேன்.

“விழுந்திருக்கும். என்னோடது விழல.”

300 மேக்னத்தை எடுத்துக்கொண்டு போனான். அவன் விட்டுப்போன 270 ஒரு வாரம்கூடக் கடையில் தங்கவில்லை. பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் வாங்கிக்கொண்டார்.

அவனுக்கு அந்த மூச்சு கேட்கிறது என்பதை முதலில் ட்வைலாதான் என்னிடம் சொன்னாள். மலை மேல் வண்டியின் இன்ஜினை அணைத்ததும் கேட்குமாம். அடுப்பில் கெட்டில் கொதிக்கத் தொடங்கும்போது தலையைத் திருப்பிப் பார்ப்பானாம். தூங்கும்போது அவள் குறட்டை விட்டால் எழுந்து போய்விடுவான் என்று சொல்லிவிட்டு, “என்னையே எல்க்குன்னு நெனச்சுட்டான் கஸ், நான் என்னத்தச் சொல்ல” என்று சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது.

300 மேக்னம் சுட்டதும் தோளில் நன்றாகவே உதைக்கும். அடுத்த வருஷம், சுமாரான தூரத்தில் நின்ற ஒரு கிடாவை ஓரின் சுத்தமாகத் தவறவிட்டான். குறி பார்க்கும் ஸ்கோப் கோணிவிட்டது என்றான். நான் ஊருக்கு வெளியே கொண்டுபோய், மேசையில் வைத்துச் சுட்டுப் பார்த்தேன். மூன்று குண்டும் ஒரே நாணயத்துக்குள் அடங்கின. அதைச் சொன்னதும் அவனுக்குப் பிடிக்கவில்லை. இன்னும் பெரியதாக, 338 கேட்டான். சாலைத் துறை ஆட்கள் இரண்டு பேர் கடையில் நின்றிருந்தார்கள். ஒருவன், “அடுத்த வருஷம் பீரங்கியா ஓரின்? லாரில கட்டி இழுத்துட்டுப் போலாம்” என்றான். ஓரின் பணத்தை எண்ணி மேசைமேல் வைத்தான்.

338 அவன் தோளைப் பழுக்க வைத்தது. ட்வைலா ஐஸ் கட்டி ஒத்தடம் கொடுத்தாள். கதவு படாரென்று சாத்தினால்கூடக் கண்ணைச் சுருக்க ஆரம்பித்தான். அந்த நவம்பரில் இரண்டு பேரும் மானுக்குப் போனார்கள். நல்ல கிட்டத்தில் ஒரு ஆண் மான் பக்கவாட்டில் நின்றது, சின்னப் பிள்ளைகூடத் தவறவிடாது. ஓரினின் குண்டு வயிற்றில் பட்டது. மான் இழுத்துக்கொண்டே புதருக்குள் போயிற்று. பின்னாலேயே போய் இன்னொரு குண்டில் முடித்தார்கள். முடித்தது ட்வைலா. ஓரினால் துப்பாக்கியைத் தூக்க முடியவில்லை.

அதற்குப் பிறகு அவன் என்னிடம் 375 இருக்கிறதா என்று கேட்டான். ஆப்பிரிக்காவில் காட்டெருமைக்கு எடுத்துப் போகிற துப்பாக்கி. கடையில் இல்லை, வரவழைக்க வேண்டும் என்றேன். வரவழை என்றான்.

மறுநாள் ட்வைலா வந்தாள். நேராகப் பின்பக்கம் வந்து, யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டாள்.

“ஓரின் கண்ண மூடிக்கிறான் கஸ். சுடறதுக்கு முன்னாடியே. மான் அன்னிக்கு நான் பக்கத்துல இருந்து பாத்தேன்.”

“அவன்கிட்ட சொன்னியா?”

“சொன்னா நம்புவானா? ஒனக்குத் தெரியாதா அவன?”

ஊருக்கு வெளியே சரளை தோண்டிய பள்ளம் ஒன்று இருக்கிறது. சனிக்கிழமை எல்லோரும் அங்கேதான் சுட்டுப் பழகுவார்கள். அந்தச் சனிக்கிழமை ஓரினும் ட்வைலாவும் வந்தார்கள், நானும் போனேன். 338இன் விசை சரியாக இருக்கிறதா பார்க்க வேண்டும் என்று சொல்லி ஓரினிடமிருந்து வாங்கி, நானே தோட்டா போடுவது போலப் பாவனை செய்து, வெறும் குழலை மூடிக் கொடுத்தேன். அவன் சாய்ந்து உட்கார்ந்து, கன்னத்தை வைத்து, விசையை இழுத்தான்.

டிக் என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். ஆனால் துப்பாக்கியின் முனை, கோழி தரையைக் கொத்துவது போலக் கீழே போய் இடித்தது. வராத உதைக்குப் பயந்து ஓரினின் தோள் முன்னால் தள்ளிக்கொண்டு போயிருந்தது. இரண்டு கண்ணும் இறுக மூடியிருந்தன.

சாலைத் துறை ஆட்களும் அங்கே இருந்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. பீரங்கி என்று கேலி செய்தவன் தன் லாரிச் சக்கரத்தைப் பார்க்கப் போய்விட்டான்.

ஓரின் குழலைத் திறந்து காலியாக இருப்பதைப் பார்த்தான். என்னைத் திட்டுவான் என்று நினைத்தேன். ட்வைலாவைத்தான் கேட்டான்.

“அன்னிக்கும் இப்படித்தான் பண்ணினேனா? அந்தக் கிடாவச் சுட்டப்ப?”

“நான் அங்க இல்லியே ஓரின்.”

“துப்பாக்கி மேல தப்பில்லையா அப்ப?”

“எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது.”

அதுவரைக்கும் அவனுக்கு ஒரு சமாதானம் இருந்தது. குண்டு சின்னது, அதனால் கிடா சாகவில்லை. கொஞ்சம் பெரியது இருந்திருந்தால் அங்கேயே விழுந்திருக்கும். அந்த வெறும் குழல் அதையும் பிடுங்கிக்கொண்டது. 338ஐ என்னிடமே கொடுத்துவிட்டான். 375ஐ அனுப்ப வேண்டாம் என்று எழுதிவிட்டேன். அந்தக் குளிர்காலத்தில் அவனுக்கு மூச்சு முன்னைவிட அதிகமாகக் கேட்டது என்றாள் ட்வைலா. பனி தள்ளிக்கொண்டிருக்கும்போது நடுச்சாலையில் வண்டியை அணைத்துவிட்டு, கதவைத் திறந்து வைத்து உட்கார்ந்திருந்தானாம். பின்னால் வந்த பால் லாரிக்காரன் இறங்கிப் போய்த் தோளைத் தொட்டிருக்கிறான்.

அடுத்த வருஷம் அவன் வேட்டைக்கே போகவில்லை. அதற்கு அடுத்த வசந்தத்தில், தானாகவே, வீட்டுக் கொட்டகையில் உட்கார்ந்து பழக ஆரம்பித்தான். ட்வைலாவின் ஏழு மில்லிமீட்டர் துப்பாக்கி. லேசானது, அதிகம் உதைக்காது. அதை வெறுமையாக வைத்துக்கொண்டு குறி பார்ப்பான். ட்வைலா குழலின் நுனியில் ஒரு நாணயத்தை வைப்பாள். விசையை இழுத்தால் நாணயம் விழக்கூடாது. முதலில் விழுந்துகொண்டே இருந்தது. கோடை முடிவதற்குள் விழவில்லை.

செப்டம்பரில் கடைக்கு வந்தான். புதிதாக வந்தவை எல்லாவற்றையும் மேசைமேல் எடுத்து வைத்தேன். ஒன்றையும் தொடவில்லை. ட்வைலாவின் துப்பாக்கியைக் காட்டி, தோளில் ஊன்றும் அதன் கட்டை தன் கைக்குக் குட்டையாக இருக்கிறது, நீட்டித் தர முடியுமா என்று மட்டும் கேட்டான். பின்னால் ஒரு ரப்பர் கட்டை வைத்துத் திருகினேன். எல்க்குக்கு இது போதுமா என்று நான் வேண்டுமென்றே கேட்டேன்.

“கிட்டப் போனாப் போதும். கிட்டப் போக முடியலன்னா வீட்டுக்கு வந்துடறேன்.”

அந்த வருஷம் அவனுக்குப் பெண் எல்க்குக்கு அனுமதி கிடைத்திருந்தது. அதே பள்ளத்தாக்குக்குத்தான் போனான். வேறு இடம் போகலாம் என்று ட்வைலா சொல்லிப் பார்த்திருக்கிறாள். அவன் கேட்கவில்லை, அவள் வெறுங்கையோடு கூடப் போனாள்.

காலையில் எதிர்ச் சரிவில் ஒரு கூட்டம் தெரிந்தது. தூரம். ஓரின் குறிகூடப் பார்க்கவில்லை. மத்தியானம்வரை செடிகளுக்குள் தவழ்ந்து, ஓடையைத் தாண்டி, காற்றுக்கு எதிராக ஏறினார்கள். கடைசியில் ஒரு பெண் எல்க் தனியாக, கல்லெறிகிற தூரத்தில், பக்கவாட்டில் நின்றது. ட்வைலா அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் திறந்தே இருந்தது. சுட்டான்.

எல்க் ஒரு துள்ளு துள்ளி, மரங்களுக்குள் போய்விட்டது. அதே மரங்கள்.

ஓரின் துப்பாக்கியைக் கீழே வைத்தான். உடனே பின்னால் போகக்கூடாது, உட்கார வேண்டும். உட்கார்ந்தார்கள். அப்போது அவன் தலையைத் திருப்பினான்.

“ஒனக்குக் கேக்குதா?”

ட்வைலா மரங்களைப் பார்த்தாள். அவளுக்கும் கேட்டது. மரங்களுக்குள்ளிருந்து, ஈரமாக, இழுத்து இழுத்து ஒரு மூச்சு.

“கேக்குது.”

அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக இன்னொருத்தருக்கும் அது கேட்டது. மூச்சு இன்னும் இரண்டு மூன்று தடவை வந்தது. பிறகு நின்றுவிட்டது.

போய்ப் பார்த்தார்கள். மரங்களுக்குள் நுழைந்த இடத்திலேயே கிடந்தது. குண்டு போக வேண்டிய இடத்தில் போயிருந்தது. ஓரின் அதன் பக்கத்தில் மண்டியிட்டு, கழுத்தில் கை வைத்து, சூடு குறையும்வரை எடுக்கவில்லை. பொழுது சாய்ந்துவிடும், இறைச்சியை வெட்ட வேண்டும் என்று ட்வைலாதான் எழுப்பினாள். அவன் எழுந்து, கத்தியை எடுக்காமல், மரங்களுக்குள் இன்னும் கொஞ்ச தூரம் நடந்து போய்க் காது கொடுத்து நின்றான். அவள் கூப்பிடவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வந்து வேலையைத் தொடங்கினான்.

அந்த எல்க்கில் ஒரு தொடை என் வீட்டுக்கும் வந்தது. ஓரின் இப்போது வருஷம் தவறாமல் போகிறான், அந்த ஏழு மில்லிமீட்டரோடு. பாதித் தடவை சுடாமலே திரும்பி வருகிறான். பீரங்கி என்றவன் இப்போது, “கட்டிப்பிடிச்சுக் கொல்லப் போறியா ஓரின்?” என்கிறான். அதற்கு ஓரின் சிரிப்பதுண்டு.

ஜூனில் பனி உருகியதும் அவன் துப்பாக்கி இல்லாமல் அந்தச் சரிவுக்குப் போகிறான். அந்தக் கிடாவின் எலும்பையோ கொம்பையோ தேடுகிறான். இத்தனை காலத்தில் எலிகளும் முள்ளம்பன்றிகளும் கொம்பைத் தின்று தீர்த்திருக்கும்; அது அவனுக்கும் தெரியும். ட்வைலா தடுப்பதில்லை, ரொட்டியில் இறைச்சி வைத்துக் கட்டிக் கொடுக்கிறாள். போன வருஷம் நானும் கூடப் போனேன். மரங்களுக்குள் ஓரிடத்தில் ஓரின் நின்று, கையை உயர்த்தி என்னையும் நிற்கச் சொன்னான். நின்றேன். எனக்குக் கீழே ஓடைத் தண்ணீர்தான் கேட்டது. அதை அவனிடம் சொல்லவில்லை. அவன் கையை இறக்கும்வரை காத்திருந்து, பின்னாலேயே நடந்தேன்.