பழசைக் கழற்றாமல்

எங்கள் தெருவில் என் அத்தையின் பெயரைச் சொல்லிக் கேட்டால் யாருக்கும் தெரியாது. புகையக்கா என்று கேட்டுப் பாருங்கள், சின்னக் குழந்தைகூட வீட்டைக் காட்டிவிடும். இருபத்து மூன்று வருடங்களுக்கு முன்பு, ஒலிபெருக்கி செய்யும் ஆலையில் அவள் பழுது பார்த்து அனுப்பிய பெட்டி ஒன்று, நானூறு பேர் கூடியிருந்த கூடத்தில் புகைந்து, ஜனங்கள் ஒருவரை ஒருவர் மிதித்துக்கொண்டு வெளியே ஓடினார்களாம். வேலை போனது. வந்த பெயர் மட்டும் போகவில்லை. கூடத்தைக் கொளுத்தியவளை யார் கட்டிக்கொள்வார்கள் என்று எங்கள் சொந்தக்காரர்கள் வாய் கூசாமல் சொல்வார்கள். சின்ன வயதில் நானும் அந்தப் பெயரைச் சொல்லிக் கூவியிருக்கிறேன். இப்போது நினைத்தால் என் வாயிலேயே இரண்டு போடலாம் போலிருக்கிறது.

அத்தையின் அண்ணன்தான் என் அப்பா. அதே ஆலையில், அவளுக்கு முன்பே சேர்ந்தவர். பிறகு வெளியே வந்து, கடைத்தெருவில் பெரிய போர்டு மாட்டி ரிப்பேர் கடை வைத்தார். அத்தை தன் வீட்டு முன்னறையில் ஒரு மேசையைப் போட்டுக்கொண்டு, மற்றவர்கள் கைவிட்ட பழைய வால்வு ரேடியோக்களைப் பார்க்கிறாள். அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம். ஈயப் பற்றுவைக்கும் இரும்பு சூடேற நேரமானால் அதையும் திட்டுவாள். ரேடியோவைத் தூசியோடு தூக்கிக்கொண்டு வருபவர்களை வாசலிலேயே நிறுத்தி வைத்துத் திட்டுவாள். வேலையில் மட்டும் துளி அவசரம் கிடையாது.

போன சனிக்கிழமை காலையில் நான் அங்கே இருந்தபோது, அடுத்த தெருத் தையல்காரம்மா ஒரு ரேடியோவை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தார். ஆறு மாதத்துக்கு முன்பு ம்ம்ம் என்று இரைந்தது, அப்பாவின் கடையில் கொடுத்தாராம். சரியானது. இரண்டு மாதம் கழித்து மறுபடி இரைச்சல். இப்போது தையல் மிஷின் சத்தமே தேவலாம் என்று ஆகிவிட்டது, இரண்டு நாளாகக் கருகிய வாசனை வேறு. வாடிக்கையாளர்களின் துணி முழுவதும் ரேடியோ வைத்திருக்கும் அலமாரியில்தான் இருக்கிறது என்றார். வரும் வழியில் அப்பாவையும் பார்த்துச் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். கொடுத்துவிட்டுக் கொஞ்சம் தயங்கி, "பயமில்லையேக்கா?" என்று அத்தையைக் கேட்டார். பெயர் அப்படி. அத்தை பல்லைக் கடித்துக்கொண்டு, நாலு மணிக்கு வரச் சொன்னாள்.

போட்டுப் பார்த்தோம். வால்வு சூடாகி, பாட்டுக்கு முன்னால் இரைச்சல் வந்தது. அத்தை சத்தக் குமிழை முழுவதும் குறைத்தாள். பாட்டு நின்றது, இரைச்சல் நிற்கவில்லை. அப்படியென்றால் கோளாறு கரண்ட் வந்து சேரும் பக்கத்தில்தான் என்றாள். பிளக்கைப் பிடுங்கி, உள்ளே தங்கியிருக்கும் கரண்ட் தீர ஒரு பல்பை இரண்டு ஒயரில் வைத்து எரித்துவிட்டு, பெட்டியைக் கவிழ்த்தாள்.

அடியில் ஒரு அலுமினிய டப்பா. அதுதான் கரண்டின் ஏற்ற இறக்கத்தை வடிகட்டும் கண்டென்சர். அது கெட்டால் இரைச்சல் வரும். அதைக் கழற்றிவிட்டுப் புதிது போட வேண்டும். ஆனால் இதில் அதைக் கழற்றவே இல்லை. கெட்டதை அப்படியே விட்டு, அதன் கால்களிலேயே புதிது ஒன்றைக் கட்டி ஒட்டியிருந்தார்கள். கொஞ்ச நாள் இரைச்சல் அடங்கும். கெட்டது சும்மா இருக்காது, கரண்டைக் குடித்துக் குடித்துச் சூடேறும், கூடவே டிரான்ஸ்ஃபார்மரும் வேகும். நான் டப்பாவைத் தொட்டுவிட்டுக் கையை உதறினேன்.

அத்தை எழுந்து நின்றுவிட்டாள். அவள் திட்டாமல் நின்றதை அன்றுதான் பார்த்தேன். "அதே கை," என்றாள், என்னிடம் இல்லை.

அரை மணி நேரத்தில் அப்பா வந்தார். கவிழ்த்து வைத்த ரேடியோவைப் பார்த்தார், உட்காரவில்லை. டிரான்ஸ்ஃபார்மர் பழசாகிவிட்டது என்று சொல்லிப் பூசி மெழுகிவிடச் சொன்னார். அத்தை மாட்டேன் என்றாள்.

"அப்போ நீ தொட்டப்போ ஏதோ ஆச்சுன்னு சொல்லு. உனக்குத்தான் ஏற்கெனவே பேர் கெட்டிருக்கே, இன்னும் கெட என்ன இருக்கு? எனக்குக் கடை இருக்கு."

சொந்தத் தங்கையிடம், நான் நிற்கும்போதே, தண்ணீர் கேட்பது போலக் கேட்டார். ஏற்கெனவே என்ற அந்தச் சொல்லும் அத்தை சொன்ன அதே கையும் என் மண்டையில் ஒன்றாகச் சேர்ந்தன. ஆலைப் பெட்டியையும் பார்த்தது நீங்கள்தானா என்று கேட்டேன். அப்பா மழுப்பவில்லை. நானும் தம்பியும் அப்போது சின்னப் பிள்ளைகளாம். அத்தை தனி ஆளாம், வேலை போனாலும் சமாளித்துக்கொள்வாளாம். 'நான்தான் செய்தேன்' என்று அவளையே எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லி, எங்கள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டுபோய் அவள் முன்னால் நிறுத்தினாராம். ஐந்து வயதில் அங்கே போய் நின்றது எனக்கு ஞாபகம்கூட இல்லை. பழியை அவள் தலையில் கட்ட என்னைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார்.

"கையெழுத்து நான் போட்டது. அத விடு," என்றாள் அத்தை. "எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுண்ணா. அன்னிக்கும் பழசக் கழட்டல, இன்னிக்கும் கழட்டல. ஏன்?"

அப்பா சுவரைப் பார்த்தார். அந்த டப்பாவின் ஓரத்தில் காதுபோல நீட்டியிருக்கும் பட்டைகளை ரேடியோவின் அடித்தகட்டில் முறுக்கி, மேலே கனமாக ஈயம் வைத்திருப்பார்கள். அதை இளக்கி எடுப்பது லேசில்லை.

"கழட்டத் தெரியாது."

அத்தை மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"நீ சோம்பேறித்தனத்துல பண்ணிட்டன்னு நெனச்சுத்தான் இத்தனை வருஷம் பொறுத்துக்கிட்டேன். தெரியாமயா அவ்வளவு பேர் இருக்கிற எடத்துக்கு அனுப்பின?"

போகத் திரும்பிய அப்பாவை, நாலு மணி வரை உட்காரச் சொன்னாள். அந்தக் குரலுக்கு அப்பா உட்கார்ந்தார். அத்தை பெரிய இரும்பைச் சூடாக்கி, ஈயத்தைச் சொட்டுச் சொட்டாக எடுத்து, ஒவ்வொரு காதாக நிமிர்த்தினாள். டப்பா கையோடு வந்தது. அப்பா பார்க்காதது போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நாலு மணிக்குத் தையல்காரம்மா வந்தார். ரேடியோ பாடியது. சத்தத்தைக் குறைத்தபோது அறையில் ஒன்றுமே கேட்கவில்லை. என்ன கோளாறு என்று கேட்டார். எங்கள் அண்ணன் சொல்வார் என்றாள் அத்தை.

அப்பா, கொஞ்சம் கவனக்குறைவு என்றார்.

"கவனக்குறைவு இல்ல. இருக்கிறத சொல்லு. ஆலைப் பெட்டியையும் சேர்த்துச் சொல்லு."

என் அப்பாவுக்கு வியர்த்தது. எனக்குக் கொஞ்சமும் பாவமாக இல்லை. "எனக்கு இந்த வேலை தெரியலம்மா," என்றார். "அன்னிக்குப் புகைஞ்ச பெட்டியும் நான் பார்த்ததுதான். தங்கச்சி இல்ல." தையல்காரம்மா அவரையும் அத்தையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அப்பா பக்கம் திரும்பாமல், அத்தையிடம் மட்டும் சொல்லிக்கொண்டு ரேடியோவைத் தூக்கிக்கொண்டு போனார்.

வீட்டுக்குத் திரும்பும்போது வழியெல்லாம் நான் அப்பாவைத் திட்டிக்கொண்டே வந்தேன். தெரியாது என்ற ஒரு வார்த்தையை அன்றைக்கே மேலாளரிடம் சொல்லியிருந்தால் கழுத்தையா வெட்டியிருப்பார்கள் என்று கேட்டேன்.

"வேலையவிட்டு எடுத்திருக்க மாட்டாங்க," என்றார். "தெரியாதவங்களுக்குச் சொல்லிக்கொடுக்கன்னே அங்க ஒரு மேசை இருந்துச்சு. ஒரு மாசம் அங்க போய் உட்காரச் சொல்வாங்க. அங்க போய் உட்காரத்தான் எனக்கு ஒரு மாதிரியா இருந்துச்சு."

"ஏன், யார் மேசை அது?"

அப்பா நடையை எட்டிப் போட்டார்.

"உங்க அத்தை மேசை."