பூட்ஸ் போட்டு ஆடிய மேட்ச்

தாசு அண்ணன் செத்துப்போனார். நம் டீமின் கோல்கீப்பர். இன்று விளக்கு வைக்கிற நேரத்தில்...

தோழிகளே, நாளை இந்தத் தாள் டெஸ்க்குக்கு அடியில் கைமாறி வரும்போது சத்தமில்லாமல் படியுங்கள். வீட்டில் எல்லோரும் தூங்கிவிட்டார்கள். திரியைத் தணித்துவைத்து எழுதுகிறேன்.

குதிகாலில் ஆணிக் காயம், அவ்வளவுதான். காயத்து விஷம் உடம்பில் ஏறி ரண ஜன்னி என்றாராம் டாக்டர். பல் கிட்டிப்போய், கடைசியில் தண்ணீர்கூட உள்ளே இறங்கவில்லையாம்.

என் அண்ணன் மாணிக்கத்தின் காலிலும் அதே காயம் இருக்கிறது. எனக்கு மட்டும்தான் தெரியும்.

எல்லாம் அந்தப் பூட்ஸால். கப் மேட்ச் பார்க்கத் துரைமார் வருகிறார்கள், வெறுங்காலோடு ஆடினால் மானக்கேடு என்று செகரட்டரி எங்கிருந்தோ உள்ளே ஆணி துருத்திய பழைய பூட்ஸ் கொண்டுவந்தார்.

ராயபுரம் மணலில் வெறுங்காலோடு பறக்கிறவர்கள், அன்று ஒரு பாஸாவது ஒழுங்காகக் கொடுத்தார்களா? ரைட் அவுட் தன் காலே தடுக்கி விழுந்தார். ஃபார்வர்டுகள் பந்தை விட்டுவிட்டுப் பூட்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஹாஃப் டைமிலாவது கழற்றி எறிந்திருக்கலாம்... ஒருவருக்கும் துணிச்சல் வரவில்லை.

"இன்னாடா, லாடம் அட்ச்ச மாடாட்டம் நிக்கிறீங்கோ?" என்று கூட்டத்தில் ஒருவன் கேட்டான். பிறகு வந்த வசவுகளை எழுத முடியாது.

கோலுக்குப் பின்னால் நின்ற நம் பக்கம் திரும்பி, "காதப் பொத்திக்கோங்கோ கண்ணுங்களா" என்றார் தாசு அண்ணன். அந்த நேரம் பார்த்து மூன்றாவது கோல் உள்ளே போனது.

வேண்டுமென்றே விட்டார் என்று தெருவே பேசியது. அவரோ மறுநாள் நொண்டிக்கொண்டே ஹார்பருக்குக் கரி இறக்கப் போனார்.

மாணிக்கம் இன்று ராத்திரி சோறு வேண்டாமென்றான். கஞ்சித் தண்ணீரை மட்டும் உறிஞ்சினான்.

"அம்மா கைல சொல்லாத. ஆஸ்பத்திரிக்குப் போனா கால எட்த்துடுவாங்கோ. அப்பறம் எப்டி ஆடுறது?" பல்லைத் திறக்காமலே சொன்னான்.

சத்தியம் வேறு வாங்கிக்கொண்டான்.

இதோ, பாயில் மறுபடி முனகுகிறான். கழுத்து பின்பக்கமாக வளைகிறது...

அம்மாவை எழுப்பப் போகிறேன்.

தாசு அண்ணா, உங்களைப் போல் பந்து பிடிக்க இனி யாரும் வரமாட்டார்கள். ஆனால் கெஞ்சிக் கேட்கிறேன், நீங்கள் தனியாகவே போங்கள்.