பேருக்கு ரெண்டு போல்ட்

வெல்டிங் நெருப்பில் ஒரு பக்கத்துப் புருவம் தீய்ந்துபோயிருந்த அந்தத் திருநெல்வேலிக்காரரை நினைத்தால் எனக்கு இன்றும் எரிச்சல்தான் வருகிறது. அறுபதுகளில் தாராவியில் பட்டறை வைத்திருந்தார். எங்கள் கம்பெனி ஜீப்புக்குப் புது முன்பம்பரும், சேற்றில் சிக்கிய வண்டியை இரும்பு வடத்தால் இழுக்கிற வின்ச்சும் மாட்டிக்கொண்டு வரச் சொல்லி மேனேஜர் என்னை அவரிடம் அனுப்பியிருந்தார்.

ஒவ்வொரு போல்ட்டையும் முறுக்கியபின் சுத்தியலால் தட்டி, காதை வைத்துக் கேட்பார். சத்தம் பிடிக்காவிட்டால் கழற்றிவிடுவார். மூன்றாம் நாளும் வேலை முடியவில்லை. ஆபீசில் என்னைக் காய்ச்சி எடுத்திருந்தார்கள். நானும் கத்தினேன்: "பேருக்கு ரெண்டு போல்ட் போட்டுக் கொடுங்க, போதும்!"

ஸ்பேனர் என் காலடியில் வந்து விழுந்தது.

"பேருக்கா? பேருக்கு வேணும்னா போர்டு எழுதுதவன்ட்ட போம்வே! ரெண்டே போல்ட் போடுதேன். வடம் இழுக்கும்போது நீரு முன்னால நில்லும். பிச்சுக்கிட்டு வந்தா உம்ம நெஞ்சுலதான் அடிக்கும்."

நான்காம் நாள், பட்டறை வாசலில் நட்டிருந்த தண்டவாளத் துண்டில் வடத்தைக் கட்டி, எங்கள் ஜீப் டிரைவரை இழுக்கச் சொன்னார். வடம் விறைத்து முனகியது. வண்டிக்கு முன்னால், என்னை முறைத்தபடி, அவரே நின்றார்.

அந்த வண்டி கடைசிவரை சேற்றையே பார்க்கவில்லை. மேனேஜர் அதில் கிங்ஸ் சர்க்கிளுக்குக் காப்பி குடிக்கத்தான் போனார். ஒருநாள் பட்டறைக்காரர் என்னை வழியில் நிறுத்தி, "இழுத்துச்சா?" என்று கேட்டார்.

"லாரியையே இழுத்துச்சு" என்றேன்.

அவர் என்மேல் எரிந்து விழாத நாள் அது ஒன்றுதான்.