மூன்று தடவைக்கு மேல் ஓடாத லாரி

என் அண்ணன் லாரி டிரைவராக இருந்தவர். நத்தம் ரோட்டில் நடந்த விபத்தில் இடது கால் முட்டிக்கு மேலே எடுக்க வேண்டியதாகிவிட்டது. அவர் ஓட்டிய வண்டிக்கு இன்சூரன்ஸ் முடிந்து நாலு மாதம் ஆகியிருந்தது என்பது ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும்போதுதான் தெரிந்தது. முதலாளி ஒரு தடவைகூட வந்து பார்க்கவில்லை. அதற்குப் பிறகு பேப்பர் சரியில்லாத எதையும் அண்ணன் தொடமாட்டார். செல்போன் வாங்கினால்கூட பில்லை லேமினேட் செய்து வைப்பார்.

நாங்கள் நாகல் நகரில் ஒரே வீட்டில் இருக்கிறோம். நான் வெங்காய மண்டியில் மூட்டை தைக்கிறேன். பேச வேண்டியிராத வேலை என்பதால்தான் அதற்குப் போனேன்.

வீட்டிலேயே கிடந்த அண்ணனுக்கு லாரி ஓட்டும் கம்ப்யூட்டர் கேம் ஒன்று இருப்பதாக யாரோ சொன்னார்கள். பழைய கம்ப்யூட்டரும் ஸ்டியரிங்கும் வாங்கினோம். கடைக்காரர் கேமைச் சும்மாவே போட்டுத் தருவதாகச் சொன்னார். அண்ணன் கேட்கவில்லை. ஒரிஜினல் டிஸ்க்கை மதுரையிலிருந்து வரவழைத்தார். பெட்டிக்குள் ஒரு சீட்டில் நீளமாக எண்ணும் எழுத்தும் இருந்தன. நெட் இணைப்புக் கொடுத்து அதை அடித்தால்தான் வண்டி கிளம்பும். அந்தச் சீட்டையும் பில்லையும் ஆர்.சி. புக் மாதிரி ஒரு கவரில் போட்டு வைத்தார்.

அவர் ஓட்டுவதைப் பார்க்க வேண்டும். வெள்ளைக்காரன் ஊர் ரோட்டில், பனியில், மரம் ஏற்றிக்கொண்டு போவார். வளைவில் உடம்பு சாயும். இரண்டு வருடத்தில் அதற்குள் சொந்தமாகப் பன்னிரண்டு லாரி வைத்திருந்தார். லாரி ஸ்டாண்டில் இருந்த பழைய கூட்டாளிகள் வந்தால், என்ன லோடு, எந்த ஊர் என்று உண்மையாகவே பேசிக்கொள்வார்கள். அந்தப் பேச்சில் அவர் மறுபடியும் டிரைவர்.

ஆயுத பூஜைக்கு முன்னால் லாரியை சர்வீசுக்கு விடுவது வழக்கம். அண்ணன் கம்ப்யூட்டரையும் அப்படியே நினைத்தார். வருடா வருடம் பூஜைக்கு முந்தின வாரம் நான் சிபியூவைத் துணியில் சுற்றி ஆட்டோவில் வைத்துக் கடைக்குக் கொண்டுபோவேன். கடைக்காரர் உள்ளே இருப்பதை எல்லாம் அழித்துப் புதிதாக்கிக் கொடுப்பார். அண்ணன் அதுவரை சேர்த்த லாரிகளை மட்டும் பென்டிரைவில் எடுத்துத் திரும்பப் போட்டுவிடுவார். அழிப்பதற்கு முன்னால் ஒவ்வொரு தடவையும் என்னிடம் ஏதோ கேட்பார். எனக்குப் புரியாது. நான் தலையை ஆட்டிவிட்டு வெளியே போய் நிற்பேன். பூஜையன்று அண்ணன் தன் கையால் டிஸ்க்கைப் போட்டு, எண்ணை அடித்து, வண்டியை எடுப்பார்.

மூன்றாவது வருடம் கூட்டாளிகள் ஆறேழு பேர் வந்திருந்தார்கள். சந்தனம், பொரிகடலை எல்லாம் ஆயிற்று. அண்ணன் எண்ணை அடித்தார். திரையில் சிவப்பாக ஏதோ வந்தது. மறுபடி அடித்தார். மறுபடி வந்தது. காலேஜ் படிக்கும் எதிர் வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டோம். இந்த எண்ணை மூன்று கம்ப்யூட்டருக்கு மேல் போட முடியாது, மூன்றும் முடிந்துவிட்டது என்று படித்துச் சொன்னது.

"இருக்கதே ஒரு கம்ப்யூட்டர்தானம்மா," என்றார் அண்ணன்.

ஒவ்வொரு தடவை அழித்துவிட்டுப் போடும்போதும் அது புதுக் கம்ப்யூட்டர் என்றே கணக்காகும் என்று அந்தப் பெண் சொன்னது. அழிப்பதற்கு முன்னால் கேமுக்குள் போய் எண்ணை விடுவித்திருந்தால் கணக்கு ஏறியிருக்காதாம். பெட்டியில் இருந்த சின்னப் புத்தகத்தில் அது இருந்தது.

"என்னண்ணே, செக்போஸ்ட்டுல மறிச்சுட்டாய்ங்களா?" என்றார் ஒரு கூட்டாளி. "வண்டி யாரோடது? நெசத்தச் சொல்லுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். அண்ணன் பில்லை எடுத்துக் காட்டினார். அவர்கள் இன்னும் சிரித்தார்கள். ஒருவர் கடைக்காரருக்குப் போன் போட்டு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வைத்தார்.

"காசு குடுத்து வாங்குனா இப்படித்தான்ணே பூட்டுவாய்ங்க," என்றது போன். "எங்கிட்ட இருக்கதுல பூட்டே கெடையாது. நூறு தடவ போட்டுக்கங்க. எண்ண விடுவிச்சாச்சான்னு தம்பிகிட்ட வருசா வருசம் கேட்டேனே? ஆச்சுன்னு தலைய ஆட்டுச்சே."

அண்ணன் என் பக்கம் திரும்பினார்.

"என்ன கேக்குறீகன்னு ஒரு வார்த்த கேட்டியாலே?"

"இல்லண்ணே."

"எனக்காச்சும் ஒரு காலுதாண்டா இல்ல," என்றார்.

அதற்குத்தான் அன்று அதிகமாகச் சிரித்தார்கள். பொரியை வாங்கிக்கொண்டு கலைந்து போனார்கள்.

எதிர் வீட்டுப் பெண் பில், டிஸ்க், சீட்டு எல்லாவற்றையும் படம் எடுத்து கம்பெனிக்கு மெயில் அனுப்பியது. பத்து நாள் கழித்துப் பதில் வந்தது. எங்கள் தயாரிப்பை வாங்கியதற்கு நன்றி, உங்கள் எண் அதிகபட்ச அளவுக்குப் பயன்படுத்தப்பட்டுவிட்டது, புதிதாக ஒன்று வாங்கிக்கொள்ளவும் என்றிருந்தது. அந்த கேம் விற்பனையிலேயே இல்லை. அண்ணன் பதிலை இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு திரையைப் பார்த்தபடி சும்மா உட்கார்ந்திருந்தார். மூன்று நாள் அப்படி.

நான்காம் நாள் அவர் குளிக்கும் நேரம் பார்த்து சிபியூவைக் கடைக்குத் தூக்கிப் போனேன். திருட்டு கேமை ஏற்றக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. "இத முதல்லயே செஞ்சிருக்கலாம்ல," என்று கடைக்காரர் முதுகில் தட்டினார். கம்பெனிக்காரன் திறந்துவிட்டான் என்று அண்ணனிடம் சொல்ல ஆட்டோவில் மனப்பாடம் செய்துகொண்டு வந்தேன்.

சொல்ல வேண்டியிருக்கவில்லை. வண்டி எண்ணே கேட்காமல் கிளம்பியது. பழைய பன்னிரண்டு லாரி இதில் ஏறவில்லை. யாரோ ஒரு முதலாளியிடம் புதிதாகச் சேர்ந்த கூலி டிரைவர் என்று காட்டியது. எண் கேட்காததையும் அண்ணன் பார்த்தார். என்னை ஒன்றும் கேட்கவில்லை. வண்டியை எடுத்தார்.

ஊரைத் தாண்டியதும் எதிர்ப் பக்கத்துக்கு ஏறினார். முன்னால் வந்த காரில் நேராக மோதினார். பின்வாங்கி இன்னொன்றில் மோதினார். ஒரு பஸ்ஸைப் பார்த்து வேகத்தைக் கூட்டினார். நான் எழுந்து வாசலுக்குப் போகப் பார்த்தேன்.

"எங்க போற? ஒக்காருலே. நீ கொண்டாந்த வண்டிதான."

பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். இப்போதும் மண்டியிலிருந்து வந்ததும் கூப்பிடுகிறார். நான் உட்கார்ந்த பிறகுதான் வண்டியை எடுக்கிறார்.