அண்ணனின் இரண்டு முன்பற்கள்

அண்ணன் எங்களை விட்டுப் போய் இந்த மாதத்தோடு ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலருக்கு எழுத, தங்கையான என்னை விட்டால் வீட்டில் வேறு ஆளில்லை. எழுத உட்கார்ந்தால் களைப்பாகத்தான் இருக்கிறது. அவர் என்ன வேலை பார்த்தார் என்று உறவினர்களுக்கு விளக்கி விளக்கியே அலுத்துவிட்டேன். கட்டுரையைவிட அட்டைப்படம் பெரும்பாடாகிவிட்டது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

அண்ணன் பிறந்தது கிள்ளானில், இரயில்வே குடியிருப்பில். அவருடைய பத்தொன்பதாவது வயதில் அப்பா காலமானார். சுபாங் ஜெயாவில் ஒரு பேரங்காடிக்குள் இருந்த பனிச்சறுக்குத் தளத்தில், வாடகைக்கு விடும் சறுக்குக் காலணிகளைத் துடைத்து அடுக்கும் வேலைக்கு அண்ணன் போனார். காலையில் கடைகள் திறக்கும் முன் விழுந்து விழுந்து சறுக்கப் பழகினார். அங்கே வெள்ளைக்காரர்கள் ஐஸ் ஹாக்கி விளையாட வருவார்கள். ஒருநாள் அவர்களுக்கு ஆள் குறைந்தது. உயரமாக இருக்கிறார் என்று அண்ணனைத் தற்காப்பு ஆட்டக்காரராக நிறுத்தினார்கள். அதன் பிறகு அந்த இடத்தை அவர் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

சில ஆண்டுகளில் பேங்காக்கில் ஒரு குழு மாதச் சம்பளம் பேசி அவரை அழைத்துக்கொண்டது. எங்களுக்குத் தெரிந்து, மலேசியத் தமிழர்களில் ஐஸ் ஹாக்கி விளையாடிச் சம்பளம் வாங்கியவர் வேறு யாருமில்லை. அண்ணன் ஊருக்கு வரும்போதெல்லாம் மாமா ஒருவர், "இன்னும் அந்த ஐஸ் கம்பெனியிலதான் வேலையா?" என்று கேட்பார். "ஆமா மாமா" என்று சொல்லிவிட்டு அண்ணன் சாப்பிடப் போய்விடுவார். எனக்குத்தான் ஆத்திரமாக வரும்.

பேங்காக் போய் அவர் ஆடியதை ஒரே ஒருமுறை பார்த்தேன். கோல் போட்டவரை எல்லோரும் கட்டிப்பிடித்துக் கொண்டாடினார்கள். அண்ணன் தளத்தின் மறுகோடியில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்துகொண்டிருந்தார். அரங்கில் அந்தப் பக்கம் பார்த்தது நான் ஒருத்திதான்.

இரண்டாம் ஆண்டில், எதிரணி அடித்த ரப்பர் வட்டின் குறுக்கே விழுந்து தடுத்தார். மேல்வரிசை முன்பற்கள் இரண்டும் போய்விட்டன. ஆட்டம் முடிந்ததும் வாயைக் கழுவிவிட்டு அவர் சிரித்தபோது யாரோ படம் எடுத்திருக்கிறார்கள். வீட்டுக்கு வந்தவரைப் பார்த்து அம்மா அழுதார்.

"கல்யாணம் ஆகாத பிள்ளை. இந்த மூஞ்சியோட எங்கடா பொண்ணு கேக்கறது?"

"பல்லுதான்மா போச்சு. கோல் உள்ள போகல லா."

அம்மா விடவில்லை. பிரிக்பீல்ட்ஸில் ஒரு பல் மருத்துவரிடம் இழுத்துப்போய்ப் பொய்ப்பல் கட்டவைத்தார். பெண் பார்க்கப் போன வீட்டில் முறுக்கைக் கடிக்க முடியாமல் அண்ணன் அதைக் கழற்றிக் கைக்குட்டையில் மடித்து வைத்துக்கொண்டார். அந்தச் சம்பந்தம் அத்தோடு நின்றது. அப்புறம் எதுவும் அமையவில்லை. பல்லைக் கட்டுடா என்று அம்மா சொல்லிக்கொண்டே இருந்தார், அண்ணனின் கடைசி நாள் வரைக்கும்.

முழங்கால் இரண்டும் கைவிட்ட பிறகு அண்ணன் திரும்பி வந்து, பழைய தளத்திலேயே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். அப்புறம் சிறுநீரகம் பழுதானது. நான்கு ஆண்டுகள், வாரம் மூன்று நாள், பங்சாரில் என் அலுவலகத்துக்குப் போகும் முன் அவரைக் கிள்ளானில் டயாலிசிஸ் மையத்தில் இறக்கிவிடுவேன். காரில் இருவருமே அதிகம் பேசமாட்டோம்.

"உனக்குச் சிரமமா இருக்காம்மா?" என்று ஒருநாள் கேட்டார்.

"இல்லண்ணே" என்றேன். பொய். அது அவருக்கும் தெரியும்.

இனி அட்டைப்படம். அண்ணன் வாய் திறந்து சிரித்த படம் அந்த பேங்காக் படம் ஒன்றுதான். மற்றதில் எல்லாம் அம்மாவுக்காக வாயை மூடியே இருப்பார். பிரிக்பீல்ட்ஸில் அச்சகம் வைத்திருக்கும் அண்ணாச்சி, மறைந்தவர்களுக்குக் கணினியிலேயே பட்டுச் சட்டை போட்டு, நரையைக் கறுப்பாக்கி, நெற்றியில் விபூதி இட்டுத் தருவார். "பல்லையும் வச்சிடுங்க அண்ணே" என்று நான்தான் சொன்னேன். அம்மா இத்தனை வருடம் கேட்டதை இப்போதாவது செய்துவிடலாம் என்று நினைத்தேன்.

மாதிரிப் படத்தை அம்மாவிடம் நீட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"யாரும்மா இது?"

"அண்ணன்தான்மா. பல்லு வச்சிருக்கு."

அம்மா படத்தை என் மடியிலேயே வைத்துவிட்டார். "எடுத்துடச் சொல்லு. எனக்கு என் பிள்ளை வேணும்."

அன்றுதான் நான் ஓராண்டுக்குப் பிறகு அழுதேன்.

டயாலிசிஸ் மையத்துத் தாதியருக்கும், குழுச் சட்டை அணிந்து வந்து அண்ணனைத் தூக்கிச் சென்ற அவருடைய மாணவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. போட்ட பட்டுச் சட்டையைக் கழற்றி, வைத்த பல்லையும் எடுத்துக் கொடுத்த அச்சக அண்ணாச்சிக்கும் நன்றி. அட்டையில் இருக்கும் இடைவெளியைப் பார்த்து அச்சுப் பிழை என்று யாரும் நினைக்க வேண்டாம். அம்மா சரிபார்த்த படம் அது.