ஸ்ட்ரெப்டோமைசினில் இல்லாத எழுத்து

திருச்சி ஆஸ்பத்திரியின் காசநோய் வார்டில் எனக்கும் பக்கத்துக் கட்டில் கரீம் பாய்க்கும் ஒரே விளையாட்டுதான். ஊசிமருந்துப் புட்டியில் இருக்கும் 'ஸ்ட்ரெப்டோமைசின்' என்ற பெயரின் ஆங்கில எழுத்துகளை மட்டும் வைத்து வேறு ஆங்கிலச் சொற்கள் கண்டுபிடிப்போம்.

இன்று காலை, "ஹோம் வரலீங்க. எச் இல்லையே" என்றார்.

உடனே இருமல் வந்தது. ரத்தமாகக் கக்கினார். டாக்டர் வருவதற்குள் உயிர் போய்விட்டது.

மதியம் பாலக்கரையிலிருந்து அவர் மனைவி கஞ்சியோடு வந்தார். நர்ஸ் விஷயத்தைச் சொன்னார். அழுது ஓய்ந்தபின் அந்த அம்மா என்னிடம் கேட்டார்.

"கடைசியா என்னங்க சொன்னாரு?"

"வீடுன்னாரும்மா."

சாயங்காலமே அந்தக் கட்டிலுக்குப் புது ஆள் வந்துவிட்டார். ஆங்கிலம் தெரியுமாம். விளையாடக் கூப்பிடலாமா, வேண்டாமா? நீங்களே சொல்லுங்கள்.